மதர்போர்டை மாற்றாமல் ஒரு மேம்பாடு: ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு பற்றிய மதிப்பீடு

என்னுடைய கேமிங் கணினி 2018ஆம் ஆண்டில் உறுப்புகளைக் கோத்து உருவாக்கப்பட்டது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 2400 வேகத்தில் ஓடும் ஒரே ஒரு 8 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை, எல்லா விளையாட்டுகளையும் சுமந்துகொண்டிருந்த ஒரு ஹார்டு டிஸ்க் ஆகியவை அதன் உறுப்புகள். புதிய தலைமுறைப் பிராசசர்கள் அமரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு மாறுவதென்றால் பிராசசர், மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் மூன்றையும் ஒருசேர வாங்கியாக வேண்டும். அதன்பின் கிராபிக்ஸ் கார்டுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனவே என்னிடம் இருந்த பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டையே வைத்துக்கொண்டு, ஒரு நடுத்தர கார்டுக்கும் அதற்கு மேல் சிறிதுக்கும் போதுமான தொகையை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஒரு இடத்தில் சறுக்கினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எதை மாற்ற வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் முதலில் அளந்து பார்த்தேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஆடும்போதே கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்கிறது என்பதைத் திரையின் மூலையில் காட்டச் செய்யலாம். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் வேகத்தைத் தடுப்பது கார்டு. அதற்கு வெகு கீழே ஊசலாடினால் தடை வேறெங்கோ இருக்கிறது. பிராசசரின் மொத்தப் பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் ஒரே ஒரு கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகு) முழுவதும் திணறிக்கொண்டிருந்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: திரைத் தெளிவை 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்துப் பார்ப்பது. ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை, துள்ளி ஏறினால் குறை கார்டில் இருக்கிறது. அசையாமல் நின்றால் பிராசசரிலோ ரேமிலோ இருக்கிறது. என் கணினி இரண்டு பதில்களைத் தந்தது. கதை சொல்லும் பெரிய விளையாட்டுகளில் கார்டு திணறியது. அன்றாடம் ஆடும் போட்டித் துப்பாக்கி விளையாட்டில், அமைப்புகளைத் தாழ்த்தியே ஆடுவதால், கார்டு பாதி ஓய்வில் இருக்க பிராசசர் மூச்சு வாங்கியது.

முதலில் ரேமை மாற்றினேன். ஒற்றை ரேம் 64 பிட் அகலப் பாதையில் மட்டுமே தரவை அனுப்பும். இரண்டாகப் போட்டால் பாதை இரட்டிப்பாகும். ஒற்றை 2400 ரேமின் உச்ச வேகம் நொடிக்கு 19.2 ஜிபி என்றால், இரட்டை 3200 ரேமுக்கு அது 51.2 ஜிபி. பழைய ரேமுடன் இன்னொன்றைச் சேர்ப்பது மலிவாக இருந்திருக்கும். ஆனால் வேகம் குறைந்ததற்கு ஏற்பவே இரண்டும் ஓடும் என்பதால் தலா 8 ஜிபி கொண்ட 3200 ரேம் ஜோடி ஒன்றைப் புதிதாக வாங்கினேன். நான்கு துளைகள் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கவும் வேண்டும். இயக்காவிட்டால் 3200 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் குறைந்த வேகத்திலேயே காலம் தள்ளும், யாரும் சொல்லவும் மாட்டார்கள். கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்த உறுப்பு இதுதான்: ஆட்டத்தின் நடுவே ஏற்பட்டுவந்த திடீர்த் தடுமாற்றங்களில் பெரும்பகுதி இதிலேயே ஒழிந்தது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பற்றி நீட்டி எழுத ஏதுமில்லை. அது ஃபிரேம்களைக் கூட்டாது; காத்திருப்பைக் குறைக்கும். பால்டர்ஸ் கேட் 3 போன்ற விளையாட்டுகள் எஸ்எஸ்டியையே கட்டாயமாகக் கேட்கின்றன. சாதாரண சாட்டா வகைக்கும் விலை கூடிய என்விஎம்இ வகைக்கும் இடையே விளையாட்டு திறக்கும் நேரத்தில் தெரியும் வித்தியாசம், ஹார்டு டிஸ்க்கை விட்டு விலகும்போது தெரிவதில் ஒரு சிறு பங்குதான்.

அடுத்ததாக ரைசன் 5 5600 வாங்கினேன். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட் என்று காகிதத்தில் பார்த்தால் 2600க்கும் இதற்கும் அதிக வேறுபாடு தெரியாது. வேறுபாடு உள்ளமைப்பில் இருக்கிறது. 2600இல் கோர்கள் மூன்று மூன்றாக இரு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு 8 எம்பி வீதம் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) வைத்திருக்கும். ஒரு குழு மறு குழுவிடமிருந்து தரவு பெறச் சுற்றுவழியில் போக வேண்டும். 5600இல் ஆறு கோர்களும் ஒரே 32 எம்பி கேஷைப் பகிர்ந்துகொள்கின்றன. உச்ச வேகமும் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4க்கு உயர்ந்திருக்கிறது. துப்பாக்கி விளையாட்டில் சராசரி ஃபிரேம்களைவிட, கூட்டம் கூடும் இடங்களில் விழும் அடிமட்ட ஃபிரேம்களில்தான் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி இதைவிட வேகமானதுதான். ஆனால் அதை வாங்கியிருந்தால் கார்டின் பங்கு கரைந்திருக்கும்.

பி450 போர்டில் இந்தப் பிராசசரைப் பொருத்துமுன் பயோஸைப் புதுப்பித்தாக வேண்டும். பி450 உள்ளிட்ட 400 வரிசை போர்டுகளுக்கு, 5600 இடம்பெறும் ரைசன் 5000 வரிசையின் ஆதரவு கிடைக்காது என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி 2020 மே மாதம் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. என்னைப் போன்றவர்கள் போர்டை மாற்றாமல் பிழைத்தது அதனால்தான். பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பிப்பை முடித்துவிட வேண்டும், கழற்றிய பின் நினைவுக்கு வந்து பயனில்லை. கூலரைக் கழற்றும்போதும் கவனம் தேவை. இரண்டுக்கும் இடையே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி ஊசிகளை வளைத்துவிடும். சிறிது நேரம் விளையாடிச் சூடேற்றிவிட்டு, கணினியை அணைத்து, கூலரை மெல்லத் திருகி எடுத்தால் வம்பில்லை.

கிராபிக்ஸ் கார்டில்தான் அதிகம் யோசித்தேன். விலை குறைந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை முதலிலேயே விலக்கினேன்: அது கார்டை போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது, பி450 போர்டோ வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 தலைமுறையைச் சேர்ந்தது, 4 ஜிபி நினைவகமும் நிரம்பிவிட்டால் அந்தக் குறுகிய பாதையே கழுத்தை நெரிக்கும். பழைய சந்தையில் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி ஆசை காட்டியது. சென்ற தலைமுறை விளையாட்டுகளில் அது 6600க்கு ஈடு கொடுக்கும். ஆனால் 225 வாட் தின்னும், ஒளியின் போக்கைக் கணித்துக் காட்டும் ரே டிரேசிங்குக்கான வன்பொருளும் அதில் இல்லை. 2024இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் என்ற விளையாட்டு அந்த வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கிறது. அதன் குறைந்தபட்சத் தேவையில் ஏஎம்டி தரப்பில் குறிப்பிடப்படுவது ஆர்எக்ஸ் 6600தான். இன்னொரு போட்டியாளரான 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, நினைவகத்திலும், குறைந்த தெளிவில் வரைந்த படத்தை உயர்த்திக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியிலும் மேலானது. ஆனால் 170 வாட் கேட்கும் அதற்கு 550 வாட் பவர் சப்ளை வைக்கச் சொல்கிறது என்விடியா. அப்படியானால் இன்னொரு உறுப்பையும் வாங்கியாக வேண்டும்.

ஆர்எக்ஸ் 6600 வெறும் 132 வாட்டில் ஓடுகிறது. 450 வாட் சப்ளை போதும் என்று ஏஎம்டியே சொல்கிறது. தேவைப்பட்டது ஒரு 8 ஊசி இணைப்பு மட்டும், என் சப்ளையில் 6+2 வடிவில் அது ஏற்கெனவே இருந்தது. (சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல, பெயர் தெரியாத சப்ளை வைத்திருப்பவர்கள் கார்டுக்கு முன்பே அதை மாற்றிவிடுவது நல்லது.) 1080பியில் பெரும்பாலான விளையாட்டுகளை உயர்ந்த அமைப்புகளில் சீராக ஓட்டும் இந்தக் கார்டு, ரே டிரேசிங்கைக் கூட்டினால் உடனே தளர்ந்துவிடுகிறது. 8 ஜிபி நினைவகமும் புதிய விளையாட்டுகளின் மிக உயர்ந்த டெக்ஸ்சர்களுக்கு (பொருள்களின் மேல் போர்த்தப்படும் படங்கள்) பற்றவில்லை, ஒரு படி இறக்கியே வைத்திருக்கிறேன்.

இனி என் சறுக்கல். துப்பாக்கி விளையாட்டில் பிராசசர் திணறுகிறது என்று சரியாகவே அளந்தேன். ஆனால் என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும். புதிய பிராசசர் கூட்டிய ஃபிரேம்களில் 60க்கு மேற்பட்டவற்றில் எதுவும் முழுப் படமாகத் திரைக்கு வந்ததில்லை. அடிமட்டம் உயர்ந்தது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த ஆதாயம், அதில் பெரும்பகுதியை ரேம் முன்பே கொடுத்துவிட்டிருந்தது. மறுபடி தொடங்குவதானால் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் பின் நேராகக் கார்டுக்குப் போயிருப்பேன். 5600ஐ 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கும் நாளுக்குத் தள்ளிவைத்திருப்பேன். இப்போது விளையாட்டில் ஃபிரேம் வரம்பை 60இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். கார்டின் விசிறிகள் பல நேரங்களில் சுழல்வதே இல்லை.