555 புத்தகத்தில் கீரைக்கு இடமில்லை: சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்குப் பிரியும் சாலையோரம் இருக்கிறது இந்த மளிகைக் கடை. சம்பளப் பணம் கரைந்துபோன மூன்றாவது வாரத்தில் சுற்றுவட்டார லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுப்பெரிவது பெரும்பாலும் இதன் 555 புத்தகத்தை, அதாவது கடன் எழுதும் சிறு கணக்குப் புத்தகத்தை நம்பித்தான். கிலோ 2.50 ரிங்கிட் அரசு மானிய விலைப் பாக்கெட் எண்ணெயைப் பதுக்காமல் கொடுக்கிறார்கள். பாக்கியை நாலு பேர் முன்னிலையில் கேட்பதுமில்லை. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், கைக்குழந்தையும் பாலர் பள்ளிப் பிள்ளையும் உள்ள வீட்டார் இங்கே எதைக் கடனாகப் பெற முடிகிறது என்று பார்த்தால் கதை வேறு. பிஸ்கட், மீ (நூடுல்ஸ்) பாக்கெட், டின் பால் எனப்படும் இனிப்புக் கெட்டிப் பால், வண்ணச் சர்பத் எல்லாம் புத்தகத்தில் ஏறும். கீரைக்கும் மீனுக்கும் மட்டும் ரொக்கம். அழுகும் சரக்கு, மொத்த வியாபாரியும் காலையிலேயே காசு கேட்கிறார் என்று கடைக்காரர் சொல்லும் காரணம் நியாயமானதே. என்றாலும், கையில் காசில்லாத வாரத்தில் பிள்ளையின் தட்டில் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மட்டுமே மிஞ்சுவதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

நான் நின்றிருந்தபோது ஓர் இளந்தாய் பால் மாவு டின்னைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு மீண்டும் அலமாரித் தட்டில் வைத்தார். "டின் பாலே எழுதிக்குங்க அக்கா" என்றார். அதில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை; கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற மலாய் வரி டின்னின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு டின்களையும் ஒரே தட்டில் அடுக்கி வைத்திருப்பதை எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

இப்படி வளரும் பிள்ளைக்கு எடை ஏறும். புரதமும் இரும்புச்சத்தும் போதாததால் உயரமும் இரத்தமும் பின்தங்கும். யூனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதையும், அதே குடியிருப்புகளின் பிள்ளைகளில் 23 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டிருப்பதையும் காட்டியது. அது நகரத்துக் கணக்கு. ஆனால் பசியும் பருமனும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பதற்கு இந்தக் கடையின் அலமாரித் தட்டுகளே போதிய விளக்கம். லயத்தில் பாட்டிமார் "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான்" என்று பூரிப்பதால், கிளினிக்கில் தாதி எச்சரித்தாலும் அது காதில் ஏறுவதில்லை.

கடையின் மிகச் சிறந்த சரக்கு, யாரும் கவனிக்காத மூலையில் இருக்கிறது: சில்லறையாக விற்கும் முட்டை, ஒரு ரிங்கிட் நெத்திலிப் பொட்டலம், பச்சைப்பயறு. மூன்றையும் கடனுக்கே தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள், தாங்களாக எடுத்துக் காட்டமாட்டார்கள். ஐம்பது சென் நொறுக்குத் தீனியைப் பிள்ளைகளின் கண்மட்டத்திலிருந்து மேலே ஏற்றிவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைக்கலாம். தவணைக்கு இரண்டு ரிங்கிட் கீரையாவது புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று கடைக்காரரிடமே சொன்னேன். நெத்திலியை முன்னால் வைப்பதாக ஒப்புக்கொண்டார், கீரைக்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை.