டிரானெக்ஸாமிக் அமிலம்: ஊசியா, மாத்திரையா, மூட்டில் ஊற்றுவதா?

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சையில் ரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் பயன்படும் என்பதில் இன்று விவாதம் இல்லை. ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் அறிவித்த இம்மருந்து ரத்தத்தை உறைய வைப்பதில்லை. உறைந்தது கரைந்துவிடாமல் காக்கிறது. எவ்வழியில் கொடுப்பது என்பதில்தான் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள். மயக்கவியல் மருத்துவராகிய நான் மாத்திரைக்கு மாறிவிட்டேன்.

பலனைப் பொறுத்தவரை ரத்தக்குழாயில் ஊசி, மாத்திரை, மூட்டில் ஊற்றுவது ஆகிய மூன்று வழிகளில் ஒன்று மற்றொன்றை வென்றதாகச் சொல்ல முடியாது. அமெரிக்க எலும்பியல் அமைப்புகளின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மூட்டில் ஊற்றினால் ரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு. ஆனால் உப்பு நீரில் கலந்து சில நிமிடங்கள் தேக்கிவைக்க வேண்டும்.

என்னை மாற்றியது விலையன்று, தட்டில் கண்ட காட்சி. முதுகில் செலுத்தும் மரப்பு மருந்தான புபிவகெய்னும் டிரானெக்ஸாமிக் அமிலமும் நிறமற்ற திரவங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரமுள்ள கண்ணாடி ஆம்ப்யூல்களில் வருகின்றன. ஒருநாள் இரண்டும் அருகருகே கிடந்தன. கழுத்தை உடைக்கும் முன் பெயரை உரக்கப் படித்ததால்தான் கையிலிருந்தது எது என்று தெரிந்தது. டிரானெக்ஸாமிக் அமிலம் தவறுதலாகத் தண்டுவட நீரில் சென்றால் கடும் முதுகுவலி, அடங்காத வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு எனத் தொடர்ந்து, பதிவான நிகழ்வுகளில் ஏறத்தாழ பாதி மரணத்தில் முடிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. ஊசி மருந்தை மயக்க மருந்து வண்டியிலிருந்து விலக்கி வைப்பதும் தீர்வுதான். ஆயினும் அதிகாலையில் வார்டிலேயே விழுங்கிய மாத்திரை முதுகுக்குப் போக வழியே இல்லை.

மாத்திரையின் குறை நேரம். 500 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கை, சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு மிடறு தண்ணீருடன் கொடுக்கிறோம். அன்றைய பட்டியல் தள்ளிப்போனால் கணக்குக் குலைந்துவிடும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு எவ்வழியிலும் அளவைக் குறைக்க வேண்டும், ஏனெனில் மருந்து பெரும்பாலும் மாறாமல் சிறுநீரிலேயே வெளியேறுகிறது. அண்மையில் இதய ஸ்டென்ட் வைத்தவர்களிடம் என் அனுபவம் குறைவு. அவர்களைத் தனித்தனியாக ஆலோசித்தே முடிவெடுக்கிறேன். இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையிலும் சில நோயாளிகளுக்கு மட்டுமே மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

நேரம் தவறிய நாட்களில் ஊசிக்கே திரும்புகிறேன். ஆனால் முதுகு ஊசிக்கான தட்டு அறையை விட்டுப் போன பிறகே அந்த ஆம்ப்யூலை உள்ளே கொண்டுவரச் சொல்கிறேன்.