ஒரு டாலர்: நோட்டா, காசா?

அமெரிக்காவில் ஒரு டாலர் இரண்டு உருவத்தில் கிடைக்கும். நோட்டில் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன், கிட்டத்தட்ட துணிதான்! சட்டைப்பையோடு துவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் ஆயுள் ஆறேழு வருடம்தான். காசோ 30 வருடம் உழைக்கும்.

அப்புறம் ஏன் காசு எடுபடவில்லை? 1979இல் வந்த ஒரு டாலர் காசில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் உருவம் இருந்தது. அதன் அகலம் 26.5 மில்லிமீட்டர், கால் டாலர் காசு 24.3. நிறமும் ஒன்றே. கல்லாவில் ஒன்றுக்கு இன்னொன்று கைமாறிப் போனது. 2000இல் பொன்னிறக் காசு வந்தும் பலனில்லை, நோட்டு அச்சடிப்பதைத்தான் நிறுத்தவில்லையே. கனடா 1987இல் காசைக் கொண்டுவந்து, 1989இல் நோட்டையே நிறுத்தியது, மக்கள் பழகிவிட்டார்கள்.

என் ஓட்டு காசுக்கே. டிப்ஸுக்கு மட்டும் நோட்டு: மடித்துத் தட்டுக்கடியில் செருகலாம், உருண்டோடாது.