டிரெட்மில் வாங்கி ஆறு வருஷம்: வேகத்தைப் பார்த்தேன், நீளத்தைப் பார்க்கவில்லை

வாங்கும்போது நான் பார்த்தது மூன்றே விஷயம்: அதிகபட்ச வேகம் மணிக்கு 16 கி.மீ., 36 புரோகிராம், மடித்து வைக்கிற வசதி. ஆறு வருஷத்தில் 16-ஐ ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. புரோகிராம்களில் முதல் வாரம் ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்ததோடு சரி. மடிப்பதும் மூன்றாவது மாதம் நின்றுபோனது. மடித்தாலும் ஒரு பீரோ அளவுக்கு இடம் அடைக்கத்தான் செய்கிறது.

பார்க்காமல் விட்டது பெல்ட்டின் நீளம். என்னுடையது 120 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலம். கடையில் ஏறி இரண்டு நிமிஷம் நடந்தபோது தாராளமாகத்தான் இருந்தது. நடைக்கு இன்றைக்கும் அது போதும். ஓடத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு 110 அடி வைத்தால், ஓரடி சுமார் 76 செ.மீ. அதுவே 10 கி.மீ. வேகத்தில் 160 அடி என்றால், ஓரடி 104 செ.மீ. அதில் கொஞ்ச தூரம் கால் காற்றில் இருக்கும், உண்மைதான். ஆனாலும் முன்னால் நின்று ஓடினால் மோட்டார் மூடியில் கால் இடிக்குமோ என்ற பயம். பின்னால் தள்ளினால் பெல்ட் தீர்ந்துபோகுமோ என்ற பயம். என் உயரம் 178 செ.மீ. ஒரே மாதத்தில் என் ஓட்டம் குட்டிக் குட்டி அடிகளாகச் சுருங்கிவிட்டது. ஓடுகிற எண்ணம் இருந்தால் 140 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், உயரமானவர்கள் இன்னும் கொஞ்சம் கூட. கடையில் நடந்து மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வெட்கப்படாமல் ஐந்து நிமிஷம் ஓடியே பாருங்கள்.

அடுத்து மோட்டார். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எச்.பி. (குதிரைத்திறன்) பெரும்பாலும் உச்சத் திறன், அதாவது சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடியது. நமக்கு வேண்டியது தொடர் திறன். அதைக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. நான் ஓடத்தான் வாங்கினேன், அதிகம் பயன்படுத்தியது அம்மா. மணிக்கு இரண்டரை கி.மீ. வேகத்தில் தினமும் முக்கால் மணி நேரம். மெதுவாக நடக்கிறவருக்கு எந்த மோட்டாரும் போதும் என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் குறைந்த வேகத்தில்தான் அதற்குத் திண்டாட்டம். ஒவ்வோர் அடிக்கும் முழு எடையும் பெல்ட்டை அதன் அடியில் இருக்கிற பலகையோடு சேர்த்து அழுத்தும். மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் அதோடு சேர்ந்த விசிறியும் மெதுவாகவே சுற்றும், சூடு வெளியேறாது.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் அம்மா நடந்துகொண்டிருக்கும்போதே மிஷின் நின்றுவிட்டது. லேசான கருகல் வாடை. மெக்கானிக் வந்து, ஒன்றும் பேசாமல் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் கையை விட்டார். விரலை எடுத்துக் காட்டினார்: கருப்புத் தூள், எண்ணெய்ப் பசையே இல்லை.

“கடைசியா எப்ப சார் ஆயில் விட்டீங்க?”

“ஆயிலா?”

அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. பெல்ட்டின் அடிப்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. பெல்ட்டையும் மாற்றி, பலகையையும் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. என்னுடைய பலகை இரண்டு பக்கமும் பயன்படுகிற ரகம் என்பதால் தப்பித்தேன். சிலிக்கான் எண்ணெய்தான் விட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாம் பெல்ட்டைக் கெடுக்கும். மெழுகு பூசிய பலகையுள்ள மாடல்களில் எண்ணெயே விடக்கூடாது என்றும் இருக்கும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருந்தால் உடனே எண்ணெய்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவதற்கு ஆளைக் கூப்பிட வேண்டாம். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அந்தப் பக்கத்துப் பின்முனை போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள சாவி) கால் சுற்று இறுக்கிவிட்டு, ஆளில்லாமல் ஓட விட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். பொறுமையில்லாமல் நான் ஒரு முழுச் சுற்று சுற்றி, பெல்ட் எதிர்ப்பக்கம் போய் உரசியது.

திரையில் காட்டுகிற கலோரியை நம்பவே நம்பாதீர்கள். எங்கள் மிஷின் ஏறி நிற்கிறவரின் எடையைக்கூடக் கேட்பதில்லை. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே கணக்குதான். கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் உழைப்பு குறைகிறது, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மேடு ஏறுவதுபோல் முன்பக்கத்தை உயர்த்துகிற சாய்வு வசதி இருந்தால் அது உருப்படியான விஷயம். வேகத்தைக் கூட்டாமல் மூச்சு வாங்க வைக்கும், நடக்கிறவர்களுக்கு அதுதான் அருமை. 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் டிரெட்மில்லின் மூதாதையான மிதிசக்கரத்தைச் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்தார். சுவரைப் பார்த்தபடி நாற்பது நிமிஷம் நடந்து பாருங்கள், அந்த மனுஷருடைய யோசனை புரியும். நான் ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

திருப்பியதில் ஒரு லாபம், பின்னால் இரண்டு மீட்டர் காலியிடம் கிடைத்தது. அதற்கு முன் பின்பக்கம் சுவர். போனில் வந்த மெசேஜைப் பார்க்கக் குனிந்து, சறுக்கி, சுவருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டி முழங்கால் தோல் உரிந்தது. சேஃப்டி கீயின் (உருவினால் மிஷினை நிறுத்திவிடுகிற சாவி) கிளிப்பைச் சட்டையில் மாட்டியிருந்தால் மிஷின் அப்போதே நின்றிருக்கும். அது கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது நடந்து முடித்ததும் கீயை உருவி, குழந்தைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுகிறோம். பெல்ட் சுற்றிவருகிற பின்பக்க ரோலரில் சின்ன விரல் மாட்டினால் நினைத்தே பார்க்க முடியாது.

இதே காசுக்கு இன்று வாங்கினால், புரோகிராம் நாலு போதும், திரை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நீளமான பெல்ட்டும் கனமான சட்டமும் கேட்பேன். அம்மா மட்டும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். போன வாரத்திலிருந்து முன் ரோலர் பக்கம் ஒரு கீச்சொலி. பேரிங்காகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்ற வேண்டும்.