முதல் மரத்துண்டு: தேக்கா, பைனா, கதுருவா?

கத்தியால் மரம் சீவிப் பழக விரும்புவோர் நல்ல கத்தியைத் தேடித்தான் அலைகிறார்கள். பாதியில் கைவிட வைப்பது பெரும்பாலும் மரம். ஆறேழு சென்றிமீற்றர் அலகுள்ள, மடியாத கத்தி ஒன்று போதும். மடிப்புக் கத்தியென்றால் பூட்டு இருக்க வேண்டும்.

மொறட்டுவைப் பட்டறைகளில் கேட்டால் தேக்குத் துண்டுகள் கிடைக்கும். வாங்கி வராதீர்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கி விரலில் ஏறுகிறது. மஹோகனி அதைவிட இணக்கமானது. ஆனால் நார் பின்னியிருக்கும் துண்டில் ஒரு பக்கம் வழவழப்பாகச் சீவினால் மறுபக்கம் பிய்ந்துகொண்டு வரும். கை பழகிய பிறகு எடுக்கலாம்.

சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பலட்டுகளைக் கழற்றினால் பைன் பலகை மலிவாகக் கிடைக்கும். முத்திரையைப் பாருங்கள்: 'எச்டி' (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, 'எம்பி' (MB) என்றால் மெதைல் புரோமைட் நச்சுவாயு ஏற்றியது. பின்னதைத் தொடவே வேண்டாம். ஆணி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தாலும் அலகில் பல் விழும். பைனின் வளையங்கள் மென்மையும் கடினமுமாக மாறி மாறி வருவதால் கத்தி ஓரிடத்தில் பாயும், அடுத்த இடத்தில் முட்டும். கணு இல்லாத, நார் நேராக ஓடும் துண்டானால் நேர்ச்சீவலுக்கு நல்ல பயிற்சி. 15 சென்றிமீற்றர் நீளம், 3 சென்றிமீற்றர் சதுரத்தில் ஒரு குச்சியை எடுத்து நாலு மூலையையும் சீவி எண்கோணமாக்குங்கள், பிறகு உருளையாக்குங்கள்.

அம்பலாங்கொடையில் மரமுகமூடி செதுக்குபவர்கள் கதுரு மரத்தை எடுப்பது சும்மா அல்ல. இலேசானது, எப்பக்கம் சீவினாலும் பெரிதாக முரண்டு பிடிக்காது. முதல் உருவத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். குறையும் உண்டு: கூர் குறைந்தால் வெட்டுப்படாமல் நசுங்கி, குறுக்கு முனைகள் பஞ்சுபோல் நிற்கும். காது, மூக்கு போன்ற மெல்லிய பகுதிகளில் நார் குறுக்கே ஓடினால் படக்கென்று உடையும். ஆகவே நாரை அந்தப் பகுதியின் நீளவாக்கில் அமையுங்கள். கதுரு என்ற பெயரில் நச்சு மரங்களும் இருப்பதால் காய்ந்த துண்டையே வாங்குங்கள், அதில் கரண்டி செய்ய வேண்டாம்.

மழைக்கு முறிந்த பச்சைக் கிளை வெண்ணெய்போல் வெட்டுப்படும், ஆனால் காயும்போது முனையிலிருந்து வெடிக்கும். அப்படியொன்றை எடுத்தால் இரு முனைகளிலும் மெழுகு தடவி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பொலித்தீனில் சுற்றி வைத்தால் கொழும்பின் ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.