"99 சதவீதம் வடிகட்டும்" என்று விற்கப்படும் ஆயில் ஃபில்டர்: வாங்குமுன் பெட்டியின் அடிப்புறத்தையும் படியுங்கள்

கார் நிறுவனத்தின் அசல் ஃபில்டரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து, என் டீசல் காருக்கு உதிரிபாகக் கடை ஒன்றில் வாங்கிய ஆயில் ஃபில்டரின் பெட்டியில், "99% வடிகட்டும் திறன்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எந்த அளவுள்ள துகளில் 99 சதவீதம் என்பது மட்டும் முன்பக்கத்தில் எங்கும் இல்லை. அது பெட்டியின் அடிப்புறத்தில், பார்கோடுக்குக் கீழே, "30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள்" என்று பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இன்ஜினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது என்பதால், அதனுள் புகுந்து உலோகத்தைத் தேய்ப்பவை பெரும்பாலும் இதைவிடச் சிறிய துகள்களே.

இந்தத் திறனை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சர்வதேசத் தரமுறை உண்டு. அதன்படி, குறிப்பிட்ட தரமுள்ள சோதனைத் தூசியை எண்ணெயில் தொடர்ந்து கலந்து, அதே எண்ணெயை ஃபில்டர் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தி, உள்ளே போகும் துகள்களையும் வெளியே வருபவற்றையும் அளவு வாரியாகக் கருவியால் எண்ணுகிறார்கள். எனவே முடிவில் சதவீதமும் மைக்ரானும் சேர்ந்தே வரவேண்டும். "20 மைக்ரானில் 99 சதவீதம்" என்பது ஒரு தகவல். வெறும் "99 சதவீதம்" எதையும் சொல்வதில்லை. 95-க்கும் 99-க்கும் நான்கே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் நூறு துகள்கள் வந்தால் முன்னது ஐந்தைத் தப்பவிடுகிறது, பின்னது ஒன்றை மட்டுமே.

விநியோகஸ்தரிடம் சோதனை அறிக்கையைக் கேட்டபோது, முதலில் தரமுறை எண்ணே இல்லாத ஒரு பக்கச் "சான்றிதழ்" வந்தது. அதில் திறன் கணக்கிடப்பட்டிருந்தது தூசியின் எடையை வைத்து. இது பழைய தந்திரம். ஒரே பொருளாலான 30 மைக்ரான் துகள் ஒன்று, 10 மைக்ரான் துகள்கள் இருபத்தேழின் எடைக்குச் சமம் என்பதால், பெரியவற்றைப் பிடித்துவிட்டுச் சிறியவற்றைக் கோட்டைவிடும் ஃபில்டரும் எடைக் கணக்கில் தாராளமாகத் தேறிவிடும். மீண்டும் வற்புறுத்தியதும் ஐ.எஸ்.ஓ. அறிக்கை ஒன்றை அனுப்பினார்கள். அதில் சோதிக்கப்பட்டிருந்தது நான் வாங்கிய மாடல் அல்ல, அதே வரிசையில் உள்ள மிகப் பெரிய ஃபில்டர். ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் காகிதத்தின் பரப்பு மாறினால் முடிவும் மாறும் என்று எழுதியதற்கு, "எல்லாம் ஒரே தொழில்நுட்பம்தான் சார்" என்று மட்டும் பதில் வந்தது.

இதற்கிடையே, காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் இன்ஜினில் சில விநாடிகள் கடகடவென்ற சத்தமும், ஆயில் விளக்கு அணையத் தாமதமும் ஏற்படத் தொடங்கின. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி, கட்டர் கொண்டு திறந்தார். (ரம்பத்தால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து, எது பழைய அழுக்கு என்றே தெரியாமல் போகும்.) நிறுத்திய வண்டியில் எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் தடுக்கவேண்டிய ரப்பர் வால்வு விறைத்துப்போய், விளிம்பு ஒரு பக்கமாக வளைந்து நின்றது. காகித மடிப்புகள் ஓரிடத்தில் நெருங்கியும் அடுத்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகியும் இருந்தன. அசல் ஃபில்டரை மாட்டியபின் அந்தச் சத்தம் வரவில்லை.

திறந்த ஃபில்டரைத் திரும்பப் பெற முடியாது என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். பில், பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், இரண்டு "அறிக்கைகள்" ஆகியவற்றைச் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறேன். தவறான விளம்பரம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. இதே வகைப் பெட்டியை வாங்கியவர்கள் பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். புதிதாக வாங்குபவர்கள் எத்தனை மைக்ரானில், எந்தத் தரமுறைப்படி, எந்த மாடலில் சோதித்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் பணம் கொடுக்காதீர்கள்.