வாய்க்கால் புனரமைப்புக் கூட்டங்களில் வரவுப் பதிவேட்டை வாசித்த பின் ஒப்பமிடுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குளத்தின் கீழ் வாய்க்கால் திருத்தம் நடக்கவிருக்கும் ஊர்களின் கமக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த முதற் கூட்டத்துக்குப் பொறியியலாளரும் ஒப்பந்தகாரரும் வரைபடத்துடன் வந்து, சிறுபோகத்தை விட்டுக்கொடுத்தால் காலபோகத்துக்கு முன் கிளை வாய்க்கால் வரை வேலை முடியும் என்றும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூட்டம் வைத்து நிலைமையை அறிவிப்போம் என்றும் உறுதியளித்தார்கள். அதை நம்பி அந்தப் போகத்தை விட்டோம். பிறகு ஒரு கூட்டமும் நடக்கவில்லை. அதிகாரிகள் கமக்காரர் அமைப்பில் ஒருவருடன் மட்டும் தொலைபேசியில் பேசினார்கள். இயந்திரங்கள் திரும்பிப் போனபோது, ஒருவருக்கு நிதி விடுவிக்கப்படவில்லை என்றும், இன்னொருவருக்கு வரைபடம் மாறுகிறது என்றும், கேட்டவருக்கேற்ப வெவ்வேறு பதில் சொல்லப்பட்டது.

கடைசிப் பகுதிக்கான கிளை வாய்க்கால் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. நகையை அடகு வைத்து உழுது விதைத்த பிறகே அது எங்களுக்குத் தெரியவந்தது. இரண்டு மழைகளுக்கு இடையில் தண்ணீர் வந்து சேராமல் பயிர் கருகியது. முறையிடப் போனபோது, முதற் கூட்டத்தில் நாங்கள் ஒப்பமிட்ட வரவுப் பதிவேட்டையே எடுத்துக் காட்டி, மாற்றத்துக்கு மக்களின் சம்மதம் பெறப்பட்டதாகச் சொன்னார்கள். வந்ததற்கு இட்ட ஒப்பத்தைச் சம்மதமாகக் காட்டுவதை மோசடி என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே, தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்; கூட்டக் குறிப்பின் பிரதி தராமல் ஒப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமானால், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு வேலை தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்பே விபரங்களைத் தெரிவிக்க வேண்டியது அத்துறை அமைச்சரின் கடமை என்கிறது. அவசரத் திட்டமானால் 1 கிழமை முன்பு. வேலை நடக்கும் காலம் முழுவதும், பிரசை ஒருவர் எழுத்தில் கேட்டால் புதிய விபரங்களையும் தர வேண்டும். எங்களில் ஒருவருக்கும் இது அப்போது சொல்லப்படவில்லை.

தொலைபேசியில் கிடைக்கும் பதிலை வைத்து உழவு இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள். உங்கள் கிளை வாய்க்காலின் பெயரைக் குறிப்பிட்டு, அது திட்டத்தில் இருக்கிறதா, தண்ணீர் எந்தத் திகதியில் திறக்கப்படும் என்று கடிதம் கொடுத்து, கிடைத்ததற்கான ஒப்பத்தைப் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். விதைநெல்லை நனைப்பதற்கு முன் பதில் கையில் இருக்கட்டும்.